கமலாக்காவின் ஜீப்பும் காணாமல்போன இலக்கமும்

கராஜுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "ஐயா, நாங்கள் முதலில என்ன சாமான் வாங்கலாம்?" எந்தக் கிரைண்டர் நல்லது, எந்த வெல்டிங் மெஷின் நின்று பிடிக்கும் என்று சொல்லப்போகிறேன் என வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான், உட்காருவதற்கு ஒரு கதிரை வாங்கச் சொல்வேன். நல்ல கதிரையாக இருக்கத் தேவையில்லை, கால் ஆடாமல் இருந்தால் போதும். பகிடி விடுகிறேன் என்று சிரிப்பார்கள். நான் இந்தத் தொழிலில் விட்ட பகிடிகள் நிறைய உண்டு, ஆனால் இது அந்த வகை இல்லை.

இந்தக் கதிரைப் பழக்கம் எனக்குத் துறைமுகப் பட்டறையில் வந்தது. நான் அங்கே தகடு ஒட்டும் வேலைக்குப் போன காலத்தில் எங்களுக்கு மேலே ஒரு பெரிய பாஸ் இருந்தார். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் எங்கிருந்தாலும் வந்து ஏசுவார். மனிசனுக்கு நல்ல வார்த்தையே வராது. ஆனால் துரு ஏறிக் கறள் பிடித்த எந்தத் தகட்டைக் கொண்டுபோய்ப் போட்டாலும், அதற்கு முன்னால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஒரு வெறும் தேத்தண்ணி குடித்து முடிக்காமல் தொடமாட்டார். குடிக்கும்போது ஒருவரும் கையில் சாமான் வைத்திருக்கக் கூடாது. நாங்கள் அதைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தோம். தேத்தண்ணிக்குச் சாட்டுத் தேடுகிறார் என்று பின்னால் நின்று நக்கல் அடித்தோம். பிறகு எப்படியோ அந்தப் பழக்கம் என்னிலும் ஒட்டிக்கொண்டது, அவருடைய ஏச்சுகளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டன என்று நஸீர் சொல்வான்.

நஸீரைத் தெரியாத ஆள் உங்களில் இருக்கமாட்டார் என்றாலும் சொல்லிவிடுகிறேன். கிண்ணியாக்காரன், என்ஜின் வேலையில் புலி, வாய் அதைவிடப் பெரிய புலி. நான் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் அவனும் நானும் சேர்ந்துதான் லிங்கநகர்ப் பக்கம் இந்தக் கராஜைப் போட்டோம். என்ஜின் அவன் பக்கம், உடல் என் பக்கம். கடற்காற்று இருக்கும்வரை எனக்கு வேலை குறையாது என்றும், தான்தான் பாவம் என்றும் எல்லாரிடமும் முறைப்பாடு சொல்லிக்கொண்டு திரிவான்.

ஒருநாள் கிளிவெட்டியில் இருந்து ஒரு ஜீப் வந்தது. வந்தது என்பதைவிட அள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று சொன்னால் சரி. லொறியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். இங்கிலாந்துக்காரன் அந்தக் காலத்தில் செய்த, வயலுக்கும் காட்டுக்கும் ஆற்றுக்கும் அஞ்சாத பழைய ஜீப். இப்போது அதன் கதவில் கை வைத்தால் கை உள்ளே போனது. லொறியின் முன் ஆசனத்தில் இருந்து ஒரு அம்மா இறங்கினார். எழுபதை எட்டுகிற வயது, நிமிர்ந்த நடை, ஒரு கையில் கைப்பை, மற்றக் கையில் கனமான ஒரு சொப்பிங் பை.

"இதுக்குள்ள என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"வழியில விழுந்ததுகள் தம்பி. லொறியை நிப்பாட்டி நிப்பாட்டிப் பொறுக்கிக்கொண்டு வந்தனான். ஒண்டையும் எறிஞ்சு போடாதேங்கோ."

அவர்தான் கமலாக்கா. ஜீப் அவருடைய கணவருடையது. கணவர் காலமாகி, ஜீப் வீட்டு வளவுக்குள் மழையும் வெயிலும் தின்னக் கிடந்திருக்கிறது. மாரியில் அவர்கள் பக்கத்து ஒழுங்கைகளில் வெள்ளம் ஏறினால் ஓட்டோவும் வராது, உழவு இயந்திரமும் யோசிக்கும். அந்த நாட்களில் ஊரில் யாருக்கு வருத்தம் என்றாலும் இந்த ஜீப்தான் மூதூர் ஆசுப்பத்திரிக்குப் போகும். ஒரு பிள்ளை ஆசுப்பத்திரி வரும்வரை பொறுக்காமல் பின் சீற்றிலேயே பிறந்ததாம். அன்றைக்கு ஓட்டியவர் கமலாக்கா. கணவருக்கு இரத்தத்தைக் கண்டால் தலைசுற்று, ஆகவே அவரையும் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு போனேன் என்று சொன்னார்.

அவருக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. "இந்த மாரிக்கு முதல் இது ஓட வேணும். என்ர பேரில ஓட வேணும். வீடு அவற்ற பேரில, வயல் அவற்ற பேரில, கரண்ட் பில்லும் அவற்ற பேரில. இதொண்டாவது என்ர பேரில இருக்கட்டும்."

கொழும்பில் பழைய ஜீப்புகள் சேர்க்கிற ஒருவர் ஏற்கெனவே வந்து பார்த்திருக்கிறார். முழு ஜீப்பும் அவருக்குத் தேவையில்லை. அச்சு, ஸ்பிரிங் வில், கண்ணாடி, கியர்ப் பெட்டி இவற்றைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார். கனடாவில் இருக்கிற மகனும் கொடுத்துவிடுங்கோ என்கிறான். கமலாக்காதான் பிடிவாதமாக நின்றார்.

நாங்கள் கதிரைகளைப் போட்டுத் தேத்தண்ணி குடித்தோம். பிறகு வேலையைத் தொடங்கினோம். சாரதியின் கால் வைக்கிற பக்கத்துத் தட்டைத் தூக்கப் பார்த்த நஸீர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"மச்சான், இதுக்குள்ள யாரையோ அடக்கி வெச்சிருக்காங்க."

பார்த்தால் சீமெந்து! ஓட்டை விழுந்த தகட்டுக்கு மேலே பலகை அடைத்து, சீமெந்து குழைத்து ஊற்றி, மட்டப்பலகையால் இழுத்து, அழகாகப் பெயின்ற் அடித்து விட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கப்பலின் அடியில் ஓட்டை விழுந்தால் கரைக்கு வந்து சேரும்வரை அப்படித்தான் செய்வோம். கமலாக்காவின் கணவருக்குத் துறைமுகத்தில் ஒரு கூட்டாளி இருந்திருக்கிறார், அவருடைய கைவேலை. கப்பலுக்குச் சரி, கரைக்கு வந்ததும் உடைத்து எடுத்துவிட்டுத் தகடு போடுவோம். ஜீப் எப்போதுமே கரையில்தான் நிற்கிறது என்பதை அந்த மனிதர் யோசிக்கவில்லை. திருகோணமலையைத் தவிர வேறு எந்த ஊரிலும் ஒரு ஜீப்பைக் கப்பல் என்று நினைத்துத் திருத்தியிருக்கமாட்டார்கள்.

சீமெந்தை உடைப்பது ஒரு பிரச்சினை இல்லை. பிரச்சினை செசியில் இருந்தது. செசி என்பது வண்டியின் அடிச்சட்டம், அதில் ஓரிடத்தில் வண்டியின் இலக்கம் குத்தப்பட்டிருக்கும். வாகனப் புத்தகத்தில் இருக்கிற இலக்கமும் இரும்பில் இருக்கிற இலக்கமும் ஒன்றாக இருந்தால்தான் பெயர் மாற்றலாம். பதிவு அலுவலகத்துப் பரிசோதகர் வந்து தன் கண்ணால் பார்க்க வேண்டும். இரும்பில் இலக்கம் இல்லையென்றால், புத்தகம் இருந்தும் அது வாகனம் இல்லை, ஒரு கறள் குவியல்தான்.

இந்தச் சாதி ஜீப்புகளில் இலக்கம் வலப்பக்கத்தில், முன் வில்லைத் தாங்குகிற இரும்பில் இருக்கும். நஸீர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். நானும் பல வண்டிகளில் அங்கேதான் பார்த்திருக்கிறேன். குனிந்து பார்த்தோம். வண்டி முழுவதும் கறள் என்றாலும், அந்த ஒரு இடத்தைப்போல வேறெங்கும் இல்லை. கறையான் தின்ற பலகை மாதிரி அரித்துக் கிடந்தது. விரலால் தட்டினேன், ஒரு துண்டு உள்ளங்கையில் விழுந்தது.

"கடல்காற்று எல்லாப் பக்கமும்தானே அடிக்குது, இஞ்ச மட்டும் என்ன கோபம்?" என்றான் நஸீர்.

கமலாக்கா பக்கத்தில் நின்றவர், "அதிலதானே அவர் தேங்காய் உடைக்கிறவர்," என்றார்.

விளக்கம் கேட்டோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜீப்பைக் கழுவி, கற்பூரம் காட்டி, அந்த மனிதர் தேங்காய் உடைப்பார். நிலத்தில் அடித்தால் சிதறிப்போகும், மண்ணும் ஒட்டும். செசியின் முன் கொம்பு நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதில் ஒரு தட்டுத் தட்டினால் கோடு போட்டதுபோல இரண்டாகும். அவருக்கு அதில் பெரிய பெருமை. இளநீர் அந்தக் கொம்பில் வடிந்து, கீழே இலக்கம் இருக்கிற இரும்பில் இறங்கும். கல்யாணம் முடித்த காலம் தொடங்கி, எழும்பி நடக்கமுடியாமல் போகும்வரை செய்திருக்கிறார். ஜீப்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று செய்த காரியம்!

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கமலாக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அந்த இரும்பை வினாகிரியில் ஊறவைத்த துணியால் சுற்றி வைத்தோம், மெல்லத் தேய்த்தோம், சாய்வாக வெளிச்சம் பிடித்துப் பார்த்தோம். ஒரு இலக்கத்தின் நிழல்கூட இல்லை. பரிசோதகர் புதன்கிழமை வருவதாக இருந்தது. அன்றைக்குத் திங்கள்.

அப்போதுதான் கமலாக்காவின் கண் எங்கள் அலுமாரியில் பட்டது. அதில் நம்பர் பஞ்ச் இருந்தது. சுத்தியலால் அடித்து இரும்பில் இலக்கம் பதிக்கிற உளிகள், சைபரில் இருந்து ஒன்பது வரை ஒரு பெட்டியில் வரிசையாக இருக்கும். நான் துறைமுகத்தை விட்டு வந்த பிறகு வாங்கியது.

"இதால அடிக்கிறதுதானே தம்பி? புத்தகத்தில இலக்கம் கிடக்கு. அதைப் பாத்து அடிச்சு விடுங்கோ."

"அப்பிடிச் செய்ய ஏலாது அக்கா."

"ஏன் ஏலாது? ஆற்ற ஜீப்? என்ர ஜீப். ஆற்ற இலக்கம்? அதே இலக்கம். இதென்ன களவே?"

சொல்லுங்கள் பார்ப்போம், உங்களில் ஒருவராக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. வண்டி அவருடையது, இலக்கம் சரியானது, ஏமாற்றப்படுகிற ஆள் ஒருவரும் இல்லை. நஸீர் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அக்கா சொல்றதிலயும் ஞாயம் இரிக்கு மச்சான்," என்றான்.

"இண்டைக்கு உங்களுக்கு அடிச்சால், நாளைக்கு ஒருத்தன் களவெடுத்த வாகனத்தோட வந்து இதே கதையைத்தான் சொல்லுவான் அக்கா. அவனுக்கு நான் என்ன சொல்லுறது?"

"அவனுக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோ. எனக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ."

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. அலுமாரியைச் சாத்தினேன். அடிக்கமாட்டேன் என்றேன். வேறு கராஜ் பார்ப்பதென்றாலும் நான் கோபிக்கமாட்டேன், ஆனால் இங்கே இந்தக் கையால் நடக்காது என்றேன். நான் பெரிய உத்தமன் என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பயமும் இருந்தது. தகடு ஒட்டுகிற ஒரு டிங்கர்காரன் குத்திய இலக்கம் இது என்று ஒருநாள் தெரியவந்தால், அதற்கு முன் எங்கள் கராஜில் இருந்து போன எல்லா வண்டியையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

கமலாக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைப்பையைத் தோளில் மாட்டினார். "சரி. கொழும்பு ஆளை லொறியோட வரச் சொல்லுறன். அவர் கேட்டதுகளைக் கழட்டி வையுங்கோ," என்று சொல்லிவிட்டுப் பஸ் எடுக்கப் போய்விட்டார். பொறுக்கிக்கொண்டு வந்த அந்தப் பையை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு மனுசியை அவருடைய சொந்த ஜீப்பில் இருந்து நானே இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்தநாள் காலையில் நஸீர் என்னோடு கதைக்காமல் வேலையைத் தொடங்கினான். அவன் கதைக்காமல் இருந்தால் ஊரில் ஏதோ நடந்துவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரரே எட்டிப் பார்ப்பார். கொழும்புக்காரர் கேட்ட வில்களைக் கழற்ற வேண்டும். ஆணிகள் கறளில் இறுகிக் கிடந்தன, திருகினால் முறியும். வலப்பக்கம் தானாகவே உதிர்ந்து கழன்றது. இடப்பக்கத்தில் தாங்குகிற இரும்பையே வெட்டி எடுத்தால்தான் வில் வரும். வெட்டுகிற இடம் தெரிய வேண்டும், அதில் கறுப்பாக ஒரு அங்குலத் தடிப்பில் பிசுக்கு ஒட்டியிருந்தது. நஸீர் கிரைண்டரை எடுத்து அதன் ஓரத்தில் வைத்தான். ஒரு தடவை இழுத்தான், பொறி பறந்தது.

"தேத்தண்ணி," என்றேன்.

"இது வெட்டி எறியிற சாமான் மச்சான். இதுக்கு என்ன தேத்தண்ணி?"

"எறியிற சாமானுக்கும் தேத்தண்ணி."

கோபத்தோடு கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். ஜீப்பின் முகத்தைப் பார்த்தபடி இரண்டு கதிரைகள், இரண்டு கிளாஸ். அரைவாசி குடித்திருப்போம், நஸீர் மூக்கைச் சுருக்கினான்.

"என்ன மச்சான் இது, கோயில் வாசம் வருது?"

எனக்கும் வந்தது. கறளுக்கு ஒரு மணம் உண்டு, கிறீஸுக்கு ஒரு மணம் உண்டு, எரிந்த பெயின்றுக்கு ஒரு மணம் உண்டு. இது அதொன்றும் இல்லை. சந்தனமும் நல்லெண்ணெயும் சேர்ந்து சூடேறிய மணம். எழும்பிக் கிட்டப் போனேன். கிரைண்டர் தொட்ட ஓரத்தில் பிசுக்கு இளகி, கறுப்புக்குக் கீழே மஞ்சளாகவும் அதற்குக் கீழே சிவப்பாகவும் அடுக்கடுக்காகத் தெரிந்தது. குங்குமம்! நஸீர் கிரைண்டரின் வயரை மின்சாரத்தில் இருந்தே கழற்றி எறிந்தான்.

நான் கமலாக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் குரலில் இன்னும் வெப்பம் இருந்தது.

"அக்கா, ஜீப்பின்ர இடப்பக்கத்தில, முன்னுக்கு, கீழ. அதில ஏதும் பூசுறனீங்களோ?"

அவர் வெட்கப்படுகிற மாதிரிச் சொன்னார். "பொம்பிளையள் தேங்காய் உடைக்கப்படாது எண்டு அவர் என்னை விடமாட்டார். எட்ட நில் எண்டுவார். அவர் அந்தப் பக்கம் உடைச்சுக்கொண்டு நிக்கேக்க, நான் இந்தப் பக்கம் குனிஞ்சு, சந்தனத்தை நல்லெண்ணெயில குழைச்சு ஒரு கை அப்பி, பொட்டு வைச்சு விடுவன். வெளியால தெரியுற இடத்தில வைச்சால் பகிடி பண்ணுவார். அதுதான் கீழ வைச்சனான். ஏன் தம்பி, அதால ஏதும் பழுதாப் போச்சுதே?"

"பழுதோ? அக்கா, அந்தப் பூச்சைக் கழுவிப் பாக்க வேணும், நீங்கள் உடனே வெளிக்கிட்டு வாங்கோ. கொழும்பு ஆளை வர வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

இலக்கம் அங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று நஸீர் பிறகு கேட்டான். இத்தனை காலம் எண்ணெய்க்குள் கிடந்த இரும்பைக் கறள் தொட்டிருக்காது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

கமலாக்கா கிண்ணியாப் பாலம் வழியாக ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் பழப்புளி உருண்டையும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் இருந்தன. நான் பிசுக்கு எடுக்கிற எங்கள் மருந்துகளையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன், அவர் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இது விளக்குப் பிசுக்கு. இதுக்கு ஏன் உந்த நாத்தங்கள்?" என்று என் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சுடுதண்ணீரில் தோய்த்த துணியால் முதலில் ஒற்றினார். பிறகு எண்ணெய், பிறகு புளி. அடுக்கடுக்காக இளகி வந்தது. அவர் தேய்க்கும்போது எந்தப் பொட்டு எந்தக் காலத்தில் வைத்தது என்று கதை சொல்லிக்கொண்டே இருந்தார். மகன் பிறந்தது, வெள்ளத்தில் ஜீப் மாட்டுப்பட்டது, வெருகலுக்குத் திருவிழாவுக்குப் போய் டயர் காற்றுப்போனது. நஸீர் வாகனப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

இரும்பு தெரிந்தது. கறளே இல்லாத, நீலம் பாய்ந்த, அன்றைக்குத் தொழிற்சாலையில் இருந்து வந்ததுபோன்ற இரும்பு. அதில் ஒரு கோடு. பிறகு ஒரு வளைவு.

"ரெண்டு," என்றார் கமலாக்கா.

"ரெண்டு சரி," என்றான் நஸீர்.

ஒவ்வொரு இலக்கமாக அவர் வாசிக்க, நஸீர் புத்தகத்தில் பார்த்துச் சரி சொன்னான். கடைசி இலக்கத்துக்கு அவன் சரி சொன்ன சத்தம் பிரதான வீதி வரை கேட்டிருக்கும். எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது, இந்த வகை ஜீப்புகளிலேயே ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் இடப்பக்கத்தில் குத்தியிருக்கிறார்கள். இந்த ஜீப்பின் வலப்பக்கத்தில் ஒருபோதும் இலக்கம் இருந்ததில்லை. தேங்காய் உடைத்த மனிதரை நாங்கள் வீணாகக் குற்றம் சொல்லிவிட்டோம் என்று நான் கமலாக்காவிடம் சொன்னேன். "இரும்பைத் திண்டது திண்டதுதானே," என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல்.

இப்போது யோசியுங்கள். திங்கட்கிழமை அந்தப் பஞ்ச் பெட்டியைத் திறந்திருந்தால் நான் வலப்பக்கத்தில்தான் அடித்திருப்பேன். பிறகு என்றைக்காவது யாராவது இடப்பக்கத்தைக் கழுவியிருந்தால் ஒரே ஜீப்பில் இரண்டு இடத்தில் இலக்கம் இருந்திருக்கும். ஒன்று தொழிற்சாலையின் எழுத்து, மற்றது என் எழுத்து. உண்மையான சொந்தக்காரி களவு வாகனத்தோடு பிடிபட்டவராக நின்றிருப்பார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லாமலே அது நடந்திருக்கும். அவசரத்தில் ஒருவர் கேட்பது நியாயமாக இருக்கலாம், அதற்காக அது செய்யக்கூடிய வேலையாகிவிடாது. இதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டு மறுக்கவில்லை, மறுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை பரிசோதகர் வந்தார். கண்டிப்பான முகம். சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு கீழே பார்த்தார். காகிதத்தை இலக்கத்தின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுத்தார். எழும்பும்போது மூக்கை இழுத்தார்.

"வண்டி முழுக்கக் கறள். இந்த இடம் மட்டும் என்னண்டு இவ்வளவு வடிவா இருக்கு? வாசமும் வருது."

"ஸ்பெஷல் கோட்டிங் சேர்," என்றான் நஸீர். "கிளிவெட்டியில மட்டும்தான் செய்யிறாங்க."

அதன்பிறகு நடந்த வேலையை உங்களுக்குச் சொல்லி அலுப்புத் தரமாட்டேன், அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வெட்டலும் ஒட்டலும்தான். செசியின் பின்பாதி புதிது, வலப்பக்கத்துத் தாங்கி புதிது, சீமெந்து போன இடத்தில் நல்ல தகடு. இடப்பக்கத்து இரும்பை மட்டும் தொடவில்லை, அதில் பெயின்றும் அடிக்கவில்லை. அந்தப் பையில் இருந்த துண்டுகளில் இரண்டு கைப்பிடியும் ஒரு கொழுக்கியும் பழைய இடத்துக்கே போயின. என்ஜின் முதல்முறை சத்தம் போட்டபோது நஸீர் என்ஜினைப் பார்க்கவில்லை, கமலாக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜீப்பை எடுக்க அவர் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். மாரி தொடங்க இன்னும் கொஞ்ச நாட்கள் இருந்தன. பச்சைப் பெயின்ற் வெயிலில் பளபளத்தது. புத்தகத்தில் அவருடைய பெயர் இருந்தது. கைப்பையில் இருந்து கற்பூரம், சந்தனம், ஒரு தேங்காய் என்று எடுத்து வைத்தார். தேங்காயை என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் உடையுங்கோ தம்பி."

நான் கை நீட்டப் போனேன். நஸீர் நடுவில் புகுந்தான். அவன் விடிய வரும்போதே எங்கிருந்தோ ஒரு கருங்கல்லை உருட்டிக்கொண்டு வந்து முன் சக்கரத்துக்கு நேரே, இரும்புக்கு எட்டாத தூரத்தில் போட்டு வைத்திருந்தான்.

"ஜீப் யார் பேரில?" என்று கேட்டான்.

"என்ர பேரில."

"அப்ப யார் உடைக்கிற?"

கமலாக்கா அவனைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். "அவர் இருந்தால் விடமாட்டார்," என்றார் மெதுவாக.

"அவர் உடைச்ச பக்கத்தத்தான் மச்சான் புதுசாச் செஞ்சு போட்டிரிக்கான். நீங்க உடையுங்க அக்கா. கல்லில மட்டும் உடையுங்க, இரும்பில கை வெச்சிங்களோ நான் இப்பவே கிண்ணியாக்குப் போயிருவன்."

நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். கமலாக்கா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். தேங்காயை ஒரு தடவை உள்ளங்கையில் உருட்டி, கண்ணைத் தேடி, திரும்பிப் பிடித்து ஓங்கி அடித்தார். நான் போட்டிருந்த சேட் முழுவதும் இளநீர். இரண்டு பாதியும் வாய் மேலே பார்க்க அழகாக விழுந்து கிடந்தன. ஒரு பாதியை எனக்கும் ஒரு பாதியை நஸீருக்கும் தந்தார், சம்பலுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு இடப்பக்கம் போய்க் குனிந்து, எண்ணெயில் குழைத்த சந்தனத்தை அந்த இரும்பில் அப்பி, ஒரு பொட்டு வைத்தார்.

அன்றுமுதல் எங்கள் கராஜுக்கு எந்த வாகனம் வந்தாலும், ஓட்டியவரைக் கேட்ட பிறகு நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் வேறு யார் இதைத் தொட்டிருக்கிறார்கள்? கழுவியது யார், பூசியது யார், பின்னால் இருந்து வந்தது யார்? நாங்கள் கமலாக்காவிடம் அவருடைய கணவர் என்ன செய்தார் என்று கேட்டோம், கமலாக்கா என்ன செய்தார் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்தத் திங்கட்கிழமை அவர் அப்படிப் பஸ் ஏறிப் போயிருக்கமாட்டார்.

கமலாக்கா சாரதி ஆசனத்தில் ஏறிச் சாவித் துவாரத்தில் திறப்பைப் போட்டார். உடனே ஸ்டார்ட் பண்ணவில்லை. இத்தனை காலம் கணவர் ஓட்டத் தான் உட்கார்ந்து வந்த பக்கத்து ஆசனத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களே," என்றார், "ஒரே அடி."

அது எங்களுக்குச் சொன்னது இல்லை.